பத்தொன்பது லீற்றர்

படத்தில் என் மனைவியின் முதுகெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டொக்டர் பேனா முனையால் இரண்டு எலும்புகளைத் தொட்டுக் காட்டினார். இடையில் இருந்த மெத்தை பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, இரண்டு கம்பியும் நாலு ஸ்குரூவும் போட்டு இறுக்கிவிட வேண்டும் என்றார். எனக்கு விளங்கக்கூடிய மொழியில் ஒரு டொக்டர் பேசியது அதுதான் முதல் தடவை. ஸ்குரூவின் அளவு என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

பிறகு அவளே கேட்டாள். "இதுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்ல பின்னால இருந்து போகலாமா டொக்டர்?"

டொக்டர் சிரித்தார். "இப்பவே போகக்கூடாது அம்மா. பிறகு அந்தக் கதையே இல்லை."

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது சொன்னாள்: "மூணு கிழமை இருக்கு. அதுக்குள்ள அந்த பைக்கை எடுங்க. என்னை ஒருக்கா ஏத்திட்டுப் போங்க."

"எங்க?"

"முதல்ல அதை ஓட வைங்க. எங்கன்னு நான் சொல்றேன்."

"ஓம்" என்றேன். அவளுக்கு ஓம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட காரியங்கள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்று அந்த ஓட்டோவுக்குள்ளேயே முடிவெடுத்தேன்.

அவள் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் தமிழும் மாறவில்லை, என் தமிழும் மாறவில்லை. நான் "நீர்" என்று கூப்பிட்டால் "தண்ணியா வேணும்?" என்று இன்றைக்கும் கேட்பாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த மோட்டார் சைக்கிள்தான். அறுநூற்றைம்பது சீசீ, இரண்டு சிலிண்டர், இரு பக்கமும் சாமான் பெட்டி, சிறீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு, நாற்பது வயதுக்கு மேல். அதில் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் நுவரெலியாவுக்கும் போயிருக்கிறோம். ஆவணித் திருவிழாவுக்கு வருடா வருடம் மடு மாதா கோயிலுக்குப் போயிருக்கிறோம். அதனால் அவள் மடுவைத்தான் நினைத்திருக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். மடுவுக்கு ஆறு மணித்தியாலம். முதுகு நெரிபட்ட ஒருத்தியை ஆறு மணித்தியாலம் அசையாமல் கொண்டுபோவதற்கு அந்தப் பழைய இரும்பை எப்படி மாற்றுவது என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே யோசனை.

அது எங்கள் கீழ்மாடி வீட்டின் போர்ச்சில் வருடக்கணக்காகத் தார்ப்பாயின் கீழ் நின்றது. எங்கள் ஒழுங்கை கடற்கரைப் பக்கம். வெள்ளவத்தையின் உப்புக் காற்றில் யன்னல் கம்பியே நாலு வருடத்தில் உதிரும். தார்ப்பாயை இழுத்ததும் துருத்தூள் என் காலில் கொட்டியது. பற்றரி வீங்கியிருந்தது. பின் அதிர்வுதாங்கிகள் இரண்டும் இறுகிக் கட்டையாகிவிட்டன. ரயர் வெடித்திருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தபோது வந்த மணம். அது பெற்றோல் மணமில்லை. பழைய வார்னிஷ் டின்னைத் திறந்தால் வருகிற மணம்.

குழாயைக் கழற்றி உடுப்புத் தோய்க்கிற பேசினுக்குள் விட்டேன். பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வந்தது. பேசின் நிறைந்தது. வாளியை வைத்தேன், அதுவும் நிறைந்தது. பிறகு கான்களைத் தேடி எடுத்து ஊற்றி அளந்தேன். அவள் யன்னல் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது லீற்றர்."

"அவ்வளவுமா?"

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் அந்தக் கான்களுக்கு நடுவில் குந்தியிருந்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தப் பெற்றோலின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போன வருடம், நான் இரண்டு பகல் வரிசையில் நின்று அந்தத் தாங்கியை நிரப்பினேன். நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒழுங்கையில் வேறு யாரிடமும் முழுத் தாங்கி இல்லை. அதற்கு முந்தின வருடம்தான் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகை அடித்துக்கொண்டாள். ஓட்டோக்காரரைக் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இனி ஓட்டோவும் இல்லை, அம்புலன்ஸுக்கும் எண்ணெய் இருக்குமோ தெரியாது. அவள் மறுபடி விழுந்தால் கொண்டுபோக இந்தப் பெற்றோல் வேண்டும். யார் எதற்குக் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான்: "அவசரத்துக்கு வைச்சிருக்கு." அந்த வருடம் இந்த ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். பெற்றோலை எரிப்பதற்குப் பதில் பூட்டி வைத்தோம். அது பழுதாகிற சாமான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது கொட்டாஞ்சேனையில் அவளுடைய அம்மா, என் மாமி, படுக்கையில் கிடந்தா. இந்தா போகிறா என்று மூன்று தடவை தகவல் வந்து, மூன்று தடவையும் எழுந்திருந்து கஞ்சி குடித்தா. நாலாவது தடவை காலை ஆறு மணிக்கு போன் வந்தது.

"பைக்கை எடுங்க, போவோம்" என்றாள் அவள்.

"பொறும். இதுக்கு முதலும் இப்பிடித்தானே சொன்னவை. பத்து மணிக்குக் கேட்டுப் பாப்பம். அவசரத்துக்கு வைச்சிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப இது என்ன?" என்று கேட்டாள்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். காலி வீதியில் பஸ் ஏதாவது வரும், ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, நினைத்ததாக இப்போது சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. பஸ் வரவில்லை. ரயிலில் கதவில் தொங்கவும் இடமில்லை. அவள் நடந்தாள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் பத்துக் கிலோமீற்றர், அந்த முதுகோடு, நடந்தே போனாள். பதினொரு மணிபோல் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா போயிட்டாங்க."

"நீர் போய்ச் சேர்ந்திட்டீரோ?"

"சேர்ந்துட்டேன். பக்கத்திலதான் இருந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிட்டாள், தாயின் பக்கத்தில் இருந்துவிட்டாள், பெரிய பிழை ஒன்றும் நடந்துவிடவில்லை. இத்தனை வருடமும் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன். அன்று மத்தியானம் அதே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை முழுக்க அதன் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்து தார்ப்பாயை மூடினேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஒருவரும் அந்தத் தார்ப்பாயைத் தொடவில்லை.

ஆகவே அந்தப் பத்தொன்பது லீற்றரும் பிளேன்டீ நிறத்தில் என் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்ததென்றால் அதில் ஆச்சரியமில்லை. முகத்துவாரத்தில் படகு எஞ்ஜின் திருத்துகிற அவளுடைய உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னை மச்சான் என்று கூப்பிடுவார். கான் ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதுல பெயின்ட் பிரஷ்கூடக் கழுவமாட்டேன் மச்சான்" என்றார்.

முதல் கிழமை முழுவதும் கழற்றுவதிலேயே போனது. இரண்டு காபரேற்றரையும் திறந்தபோது உள்ளே பச்சைப் பிசின் மண்டியிருந்தது. பெற்றோலும் காற்றும் கலக்கிற இடம் அது; ஊசித் துளைகள் அத்தனையும் அடைத்துக் கிடந்தன. கழுவுகிற மருந்து வாங்கி அடித்தேன், அசையவில்லை. கடைசியில் தேசிக்காய்ப் புளியில் அவிப்பது என்று முடிவெடுத்துச் சந்தைக்குப் போய் ஐம்பது தேசிக்காய் வாங்கி வந்தேன். அவளுடைய பெரிய சட்டியைக் காஸ் அடுப்பில் வைத்தபோது படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"கறிவேப்பிலையும் போடுங்க. வாசமா இருக்கும்."

அவள் பகிடி விட்டால் நோ குறைவு என்று அர்த்தம். பகிடி இல்லாத நாட்கள் கூடிக்கொண்டு வந்தன. எத்தனை நேரம் உட்கார முடிகிறது என்று பார்ப்பதற்காகத் தினமும் காலையில் அவளைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொன்னேன். அவள் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சொல்வாள். முதல் நாள் ஐம்பது நிமிடம். ஒரு கிழமையில் நாற்பது ஆனது. நான் மடுவை விட்டுவிட்டுச் சிலாபம் என்று நினைத்தேன். அங்கும் ஒரு கோயில் இருக்கிறது, இடையிடையே நிறுத்தி நிறுத்திப் போகலாம். அது முப்பத்தைந்து ஆனபோது சிலாபத்தையும் விட்டுவிட்டு வத்தளை என்று நினைத்தேன். வத்தளையில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். பாலத்தைத் தாண்டினால் ஊரை விட்டு வெளியே போன மாதிரியாவது இருக்கும்.

காபரேற்றருக்குள் ஒரு மெல்லிய றப்பர் தோல் இருக்கும். அது காற்றை உணர்ந்து மேலும் கீழும் போனால்தான் எஞ்ஜின் ஒழுங்காக மூச்சு விடும். இரண்டும் கிழிந்திருந்தன. பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற கடை கடையாக ஏறினேன். கிழிந்த தோலைப் பொலித்தீன் பையில் போட்டுக் காட்டினால் முதலாளிமார் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார்கள், தங்களுக்குள் கைமாற்றுவார்கள், பழைய நண்பனைக் கண்டது போல் சிரிப்பார்கள். பிறகு சிங்களத்தில், "நே அய்யே, மேக்க தென் என்னே நே." இது இப்போது வருவதில்லை. ஏழு கடையிலும் அதே சொல். எட்டாவது கடையில் நான் சிங்களத்தில் கத்திவிட்டேன். அந்த மனிதர் கோபிக்கவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். மனைவிக்குச் சுகமில்லையா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழைய பைக்குக்காக இவ்வளவு கத்துகிறவன் பைக்குக்காகக் கத்துவதில்லை என்றார். அங்கிருந்து வேறொரு மோட்டார் சைக்கிளின் அதிர்வுதாங்கி இரண்டை வாங்கிக்கொண்டு வந்தேன். மெதுவான ஸ்பிரிங். துளை பொருந்தாது, ஆனால் கடைசல்காரரிடம் கொடுத்து வளையம் போட்டுக்கொள்ளலாம்.

றப்பர் தோலுக்கு வழி முகத்துவாரத்தில்தான் கிடைத்தது. படகு எஞ்ஜினின் பெற்றோல் பம்புக்குப் போடுகிற, துணி வைத்த றப்பர் தாளிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டித் தந்தார் என் மச்சான். உள்ளே துருப்பிடித்த தாங்கிக்கும் படகுக்குப் பூசுகிற ரெசினையே பூசினார். அது காய இரண்டு நாள். காய்கிறபோது நாங்கள் இருவரும் ஆற்றுவாயைப் பார்த்தபடி கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மேல் இருந்தோம்.

"செத்த வீட்டுக்கு இதுலதானே வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஓம்."

"சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிச்சு."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தது போல் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், காய்ந்துவிட்டதா என்று தாங்கியைத் தட்டிப் பார்த்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. என்னவென்று கேட்கவில்லை. கேட்காமல் விடுவதில் நான் கெட்டிக்காரன்.

இருக்கையை நானே செய்தேன். கட்டிலில் என் பக்கத்து றப்பர் மெத்தையை வெட்டினேன். கீழே தும்பு, அதற்கு மேல் கெட்டி றப்பர், அதற்கு மேல் மென்மையான றப்பர் என்று மூன்று அடுக்கு. அவள் இடுப்புக்குக் கட்டுகிற பட்டியின் வளைவைக் கடதாசியில் வரைந்து, அதே வளைவில் முதுகுச் சாய்வுக்குக் குழாய் வளைத்து ஒட்டுவித்தேன். கால் வைக்கிற சின்னக் கம்பியை எடுத்துவிட்டு முழுப் பாதமும் படிகிற பலகை போட்டேன். முன் கவட்டைக்கு மெல்லிய எண்ணெய் ஊற்றினேன். ரயரில் காற்றைக் குறைத்தேன். அன்றிரவு வெறும் பலகையில் படுத்தேன். அவள் என்னைப் பார்த்து, "இப்ப உங்களுக்கும் முதுகு போகும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே ஸ்குரூ போட்டுரலாம்" என்றாள்.

நாலு நாள் மிச்சமிருந்தபோது எஞ்ஜின் முதல் தடவையாகச் சீறியது. போர்ச் முழுக்கப் புகை. நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது, வலது சிலிண்டர் மட்டும்தான் ஓடுகிறது. இடது பக்கக் குழாயைத் தொட்டால் குளிர்ந்து கிடந்தது. திறந்தேன், மூடினேன், பிளக் மாற்றினேன், மறுபடி திறந்தேன். அன்று முழுக்க இதே வேலை. மறுநாளும் இதே வேலை. காலையில் அவள் கதிரையில் இருந்து முப்பதாவது நிமிடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என் கையில் இருந்த ஸ்பெனரை வீசி எறிந்தேன். அது முன் விளக்கில் பட்டுக் கண்ணாடி சிதறியது. அந்த விளக்கு முந்தினநாள்தான் நான் பூட்டிய புது எல்இடி விளக்கு.

யன்னலிலிருந்து குரல் வந்தது. "உடைச்சு முடிஞ்சா தேத்தண்ணி குடிக்க வாங்க."

நான் போகவில்லை. அந்த மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் சீமெந்தில் இருந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே எடுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. பயமாக இருந்தது. அவள் என்னிடம் கேட்டவை மிகக் குறைவு. இதே மோட்டார் சைக்கிளைத்தான் ஒரு தடவை கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்கிறாள், கொடுக்க நினைக்கிறேன், முடியவில்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்களா என்ற எண்ணம் வேறு வந்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து, தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, என் தலையில் ஒரு தடவை தட்டிவிட்டுப் போனாள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இடது காபரேற்றரை முழுதாகக் கழற்றினேன். வயர் ஒன்றை உரித்து, தலைமயிர் போலிருந்த ஒரே ஒரு செப்பு இழையை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். கடைசித் துளையிலிருந்து வெளியே வந்தது ஒரு துணுக்கு தேசிக்காய்ச் சக்கை. காபரேற்றருக்குள் தேசிக்காய்ச் சக்கையை அடைத்த மனிதன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று பின்னேரம் இரண்டு சிலிண்டரும் ஓடின. அதன் பழைய சத்தம் அப்படியே வந்தது. உள்ளே அவள் படுக்கையில் எழுந்து இருந்துவிட்டாள் என்று எனக்குக் கட்டில் முனகியதிலிருந்து தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை. காலையில ஆறரைக்கு" என்றாள்.

"எங்க எண்டு இன்னும் சொல்லேல்லை."

"கொட்டாஞ்சேனைக்கு. அம்மா வீட்டடிக்கு."

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. மடுவும் வேண்டாம், வத்தளையும் வேண்டாம். கொட்டாஞ்சேனை எட்டக்கூடிய இடம். சனிக்கிழமை காலை அவள் கதிரையில் இருந்தது இருபத்தைந்து நிமிடம். ஞாயிறு காலை தெரு வெறுமையாக இருக்கும், எப்படியும் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், இடையில் நிறுத்தி இறக்கி ஆறலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள், அதற்கு மேல் இடுப்புப் பட்டி. ஒரு மர ஸ்டூலில் ஏறி, என் தோளைப் பிடித்து, காலை மெல்லத் தூக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூச்சை விட்டாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஆறரை. எடுங்க" என்றாள்.

மெரைன் டிரைவில் கடல் அடங்கிக் கிடந்தது. நான் முட்டையைக் கொண்டுபோகிறவன் போல் போனேன். ஒவ்வொரு வெடிப்பையும் பார்த்து விலக்கினேன். என் அதிர்வுதாங்கிகள் சொன்னபடி கேட்டன, இருக்கை சொன்னபடி கேட்டது. இந்த மூன்று கிழமையில் முதல் தடவையாக நான் நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன். கொள்ளுப்பிட்டி வரும் முன்னரே அவள் என் தோளில் தட்டினாள்.

"கொஞ்சம் வேகமாப் போங்க."

"நோகுதோ? நிப்பாட்டட்டே?"

"நிப்பாட்டாதீங்க. வேகமாப் போங்க."

நோவைத் தாங்க முடியாமல்தான் அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். காலிமுகத்திடலில் மறுபடி தட்டினாள். கோட்டை தாண்டி, துறைமுகச் சுவரோரமாகக் கொச்சிக்கடைப் பக்கம் திரும்பியபோது அவள் நகம் என் தோளுக்குள் இறங்கியது. சிவப்பு விளக்கு ஒன்றில் நான் நிறுத்தியபோது, "ஒருத்தருமில்ல, போங்க" என்றாள். முப்பது வருடத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டச் சொல்லி அவள் சொன்னதேயில்லை. தாண்டினேன்.

மாமியின் வீடு ஜம்பட்டா தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில். இப்போது அதில் வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் நிறுத்திக் காலை ஊன்றினேன். எஞ்ஜின் ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இருபத்தேழு நிமிஷம்."

"பாத்தீரே, நேற்றையிலும் பாக்க ரெண்டு நிமிஷம் கூட இருந்திட்டீர்!" நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

"நான் இருந்ததைச் சொல்லல்ல. வந்து சேர்ந்ததைச் சொல்றேன்."

எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்த வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் ஆறரைக்குத்தான் வீட்டை விட்டு இறங்கினேன். இங்க வந்து சேரும்போது பத்தேகால். அம்மா போனது ஒன்பதரைக்கு."

"பக்கத்தில இருந்தனான் எண்டெல்லோ சொன்னனீர்?"

"சொன்னேன்."

"ஏன்?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க இந்த பைக்கை அன்னைக்கே இரும்புக்குக் குடுத்திருப்பீங்க. எனக்கு இது வேணும். இத்தனை வருஷமா நான் இதை மனசுக்குள்ளயே ஓட்டிப் பார்த்தேன். சில நாள் ஒரு மணித்தியாலம் வரும். சில நாள் டிராஃபிக்ல மாட்டி வந்து சேரவே மாட்டேன், அப்ப கொஞ்சம் ஆறுதலா இருக்கும். பைக்ல எவ்வளவு நேரம்னு தெரியாம தியேட்டருக்குள்ள போக எனக்கு விருப்பமில்ல."

என் கை கிளட்சில் இருந்தது. என்னைத் திட்டு, அடி, இந்தத் தெருவில் வைத்துக் கத்து என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் கத்தவில்லை. சின்னப் பிள்ளை கணக்குச் செய்வது போல் விரலை மடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏழு மணிக்கு முன்னாடி வந்திருப்பேன். இரண்டரை மணித்தியாலம் இருந்திருப்பேன். கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சாம். வந்துட்டாளா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

அந்தத் தெருவில் காலை நேரத்தில் வேறு சத்தம் இல்லை. நான் மூன்று கிழமை பாடுபட்டுத் திருத்திய எஞ்ஜின்தான் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் நல்லது என்று நினைத்தேன். நிற்கவில்லை. பிழை செய்துவிட்டேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் தன் கையை என் தோளில், நகம் பட்ட இடத்தில் வைத்தாள்.

"தெரியும். வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். "மெதுவாப் போங்க. இனி ஒரு அவசரமும் இல்ல."

நான் கியரைப் போட்டேன்.